முப்பது எண்ணும் வரை

கேட்கக் கேட்க ஓடிப்போகும், சும்மா இருந்தால் தானே வரும். அது என்ன? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பள்ளியில் மாடத்தி பதினாறு வருடமாக ஆயா. சோறூட்டுவாள், தலை வாருவாள், எந்தப் பிள்ளைக்கு எந்தச் சத்தம் பயம் என்பதும் அவளுக்குத் தெரியும். பயிற்சிச் சான்றிதழ் மட்டும் கிடையாது.

ஒருநாள் பயிற்சி அதிகாரி ஞானப்பிரகாசம் வந்தார். ஆயாக்களுக்கான பாடப்புத்தகத்தை எழுதியவரே அவர்தான்.

"சான்றிதழ் இல்லையா? நாளையிலிருந்து நீ வர வேண்டாம்மா."

"ஒரு பரீட்சை வைச்சுப் பாருங்க, சார்."

அவர் சிரித்துவிட்டு, வாய் பேசாத சிறுமி பூங்கோதையைக் காட்டினார். "இவளுக்கு எது வேணும்னு இவகிட்டயே பதில் வாங்கு. வாங்கிட்டா, உன் சான்றிதழுக்கு நான் பொறுப்பு. முதல்ல நானே கேட்கிறேன், பார்."

பாலையும் மோரையும் மேசையில் வைத்துக் குனிந்தார். "பாலா, மோரா? எது வேணும்? சொல்லு பாப்பா, சீக்கிரம் சொல்லு!"

பூங்கோதை காதைப் பொத்திக்கொண்டாள்.

"பார்த்தியா? எனக்கே பதில் வரல. உனக்கு எங்கே வரும்?"

மாடத்தி பணிவாகக் கேட்டாள். "கேள்வி கேட்டா எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கு, சார்?"

"முப்பது எண்ணும் வரை!" என்றார் பெருமையாக.

"நீங்க கேட்டப்போ நான் எண்ணினேன், சார். அஞ்சுக்கு மேல எண்ண நீங்க விடல. மிச்சத்தை இப்ப எண்ணிடலாமா?"

அதிகாரி மேசையை விட்டு விலகி நின்றார். மாடத்தி இரண்டு டம்ளர்களையும் பூங்கோதையின் பக்கம் நகர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். விரல்கள் மட்டும் மடங்கின. பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. காதிலிருந்து கைகள் இறங்கின.

இருபத்தெட்டில் பூங்கோதை மோரை எடுத்துக் குடித்தாள்.