எண்பது குப்பி

ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் தங்கமாரியப்பன் அன்று பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். சொல்ல வேண்டியதைப் பேருந்திலேயே பல விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். நெறியாளர் ஹெப்சிபாவின் அறைக் கதவைத் தட்டியதும் அத்தனையும் மறந்துபோயிற்று.

ஹெப்சிபா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மேஜை கொள்ளாமல் நாற்காலியிலும் தாள்கள் இருந்தன. கழுத்து வலிக்குப் போட்ட தைல வாசனை அறை முழுக்க அடித்தது.

"அந்தத் தாள் கட்டைத் தரையில வெச்சுட்டு உட்காருங்க சார்."

மாணவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆசிரியர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மாணவர் மேடம் என்பார், ஆசிரியர் சார் என்பார். யார் யாரிடம் படிக்கிறார் என்று புதிதாய்ப் பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

"நான் நிறுத்திக்கிறேன் மேடம்."

"எதை? சிகரெட்டையா?"

"ஆராய்ச்சியை."

ஹெப்சிபா கையிலிருந்த தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்து, மதிப்பெண் போட்டு, கவிழ்த்து வைத்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

தங்கமாரியப்பன் மாவட்ட மருந்துக் கிடங்கின் அலுவலர். மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கெல்லாம் அவர் கிடங்கிலிருந்துதான் மருந்து போக வேண்டும். கிடங்கில் மருந்து இருக்கும்போதே சுகாதார நிலையத்தில் ஏன் தீர்ந்துபோகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார். விநியோகச் சங்கிலி என்று தலைப்பு கம்பீரமாகத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் மீன்கடைப் பேரம்தான்.

சுகாதார நிலையத்து மருந்தாளுநருக்குப் பத்து வேண்டுமென்றால் இருபது என்று எழுதி அனுப்புவார். கிடங்குக்காரர் பாதியைத்தான் தருவார் என்று அவருக்குத் தெரியும். கிடங்குக்காரர் இருபதைப் பார்த்ததும் சிவப்பு மையில் பத்து என்று எழுதுவார். இவர்கள் ரெட்டிப்பாகத்தான் கேட்பார்கள் என்று அவருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் இப்படியே காலம் ஓடியது. நடுவில் உண்மையான தேவை எவ்வளவு என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. யாரையும் திருடர் என்று சொல்ல முடியாது. பயந்தவர்கள், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்தபோது தங்கமாரியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மருந்தாளுநர்களையெல்லாம் கூட்டி ஒரு கூட்டம் போட்டார். "இனிமே தேவையானதை மட்டும் எழுதுங்க. எழுதினதை அப்படியே தாரேன். இது என் வாக்கு" என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள், வடை சாப்பிட்டார்கள், ஊருக்குப் போய் வழக்கம்போல ரெட்டிப்பாக எழுதினார்கள். அவர்கள் கேட்காத வாக்குறுதியா!

ஒருத்தி மட்டும் நம்பினாள். செங்கமாநல்லூர் சுகாதார நிலையத்து ஆவுடைச்செல்வி. வயலும் வாய்க்காலுமான ஊர், அறுப்புக் காலத்தில் பாம்புக் கடி வரும். பாம்புக் கடி மருந்து இருபது குப்பி இருந்தால் தன் ஊருக்குப் போதும் என்று யோசித்து, இருபது என்றே எழுதினாள்.

சீட்டு கிடங்குக்கு வந்தது. மற்றச் சீட்டுகளோடு கட்டாக வந்தது. தங்கமாரியப்பன் சிவப்புப் பேனாவை எடுத்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கட்டு முழுவதும் பாதி, பாதி, பாதி என்று போய்க்கொண்டிருந்த கை ஆவுடைச்செல்வியின் சீட்டிலும் பத்து என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டது. ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த மாதமே இசக்கியம்மாள் என்ற பெண்ணைக் கதிர் அறுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்தது. இருந்த பத்துக் குப்பியையும் ஏற்றினார்கள். இன்னும் பத்து தேவைப்பட்டது. இல்லை. ஆம்புலன்ஸில் போட்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அது போய்ச் சேர்வதற்குள் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. உயிர் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ்.

மருந்துக் கிடங்கு அந்த மருத்துவமனைக்குப் பின்னால்தான் இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பதைத் தங்கமாரியப்பன் பார்ப்பார். அவளுக்கு இவர் யாரென்று தெரியாது. அது இவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதையெல்லாம் அவர் சொல்லி முடித்தார். ஹெப்சிபா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் தள்ளினார்.

"செங்கமாநல்லூருக்குப் போனீங்களா?"

"இல்ல மேடம். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கறது ஒரு மூஞ்சிதானே சார்."

அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் மேடம். அதுக்கு நீங்க பதில் சொல்லிட்டா நான் விட மாட்டேன். உண்மையான தேவை என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஒருத்தர் கேக்கறதுக்கும் அவருக்கு வேணுங்கறதுக்கும் நடுவுல இவ்வளவு பொய் இருந்தா, நான் எதை அளந்து எதை எழுத?"

ஹெப்சிபா கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். படித்த புத்தகத்தில் எல்லாம் இதற்குச் சூத்திரம் இருந்தது. அதை அந்த மனிதரிடம் அப்போது சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"கிடங்கு வண்டி அந்தப் பக்கம் எப்போ போகுது?"

"நாளைக்கு."

"நானும் வாரேன்."

மறுநாள் காலையில் வண்டியின் முன்னிருக்கையில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் ஒரு பக்கம், ஹெப்சிபா மறு பக்கம், நடுவில் தங்கமாரியப்பன். பின்னால் மருந்துப் பெட்டிகள். பாம்புக் கடி மருந்து மட்டும் ஐஸ் பெட்டியில் அவர் காலடியில் இருந்தது. வழியெல்லாம் அறுப்பு முடிந்த வயல்கள்.

"மேடம், உங்களுக்கு எப்பவாவது விட்டுரலாம்னு தோணியிருக்கா?"

"வாரா வாரம் தோணும்."

"அப்புறம்?"

"திருத்தற தாள் பாக்கி இருக்கும். அதை முடிச்சுட்டு விடலாம்னு இருப்பேன்."

செங்கமாநல்லூரில் வெளிநோயாளிகள் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஆவுடைச்செல்வி மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே இருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தங்கமாரியப்பனுக்குத் தோன்றியது.

"வாங்க சார். மேடம், நீங்களும் உட்காருங்க. இந்த வரிசைய முடிச்சுட்டு வந்துருதேன்."

முடித்துவிட்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்க இருபதுன்னு எழுதினீங்க. நான்தான் பத்துன்னு போட்டேன். வேணும்னு போடல. மன்னிச்சுக்கிடுங்க."

"விடுங்க சார்."

"இல்லம்மா..."

"சார், பத்தும் ஏத்தியாச்சு. ரத்தம் உறையவே இல்ல. டாக்டரம்மா இன்னும் பத்துக் கொண்டான்னாங்க. நான் ஃப்ரிட்ஜைத் தொறந்து பாத்தேன். இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தொறந்து பாத்தேன். அந்த அக்கா புருசங்காரன் எம் பின்னாலயே நிக்கான், அதுக்காகத் தொறந்தேன்."

தங்கமாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப ஊர்ல என்ன பேச்சு தெரியுமா சார்? மருந்து வந்துச்சாம், நான் வித்துட்டேனாம். அந்த அக்கா வீட்டு வழியா நான் போறதில்ல. சுத்திக்கிட்டுதான் பஸ்ஸுக்குப் போறேன்."

"நான் வந்து சொல்லுதேம்மா. எல்லார் முன்னாலயும் சொல்லுதேன்."

"சொல்லுங்க சார்" என்றாள். சொன்னாலும் ஒன்றும் ஆகப் போவதில்லை என்பது அவள் குரலிலேயே இருந்தது.

பிறகு எழுந்துபோய் இந்த மாதத்துக்கு எழுதி வைத்திருந்த கேட்புச் சீட்டை எடுத்து வந்து கொடுத்தாள். தங்கமாரியப்பன் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். காய்ச்சல் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, உப்புக் கரைசல். பாம்புக் கடி மருந்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எண்பதா?"

"ஆமா சார்."

"மத்தவங்க ரெட்டிப்பா எழுதுவாங்க. நீங்க நாலு மடங்கு எழுதியிருக்கீங்களே!"

"நீங்க பாதியாக்குவீங்க சார். நாப்பது ஆகும். அதுவும் முழுசா வரும்னு என்ன நிச்சயம்? வழியில ஏதாவது அவசரம்னு பாதிய வேற ஊர்ல இறக்கிருவாங்க. கடைசில எனக்கு இருபது வந்து சேரும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. குற்றம் சொல்ல ஓர் இடமும் இல்லை. அவள் அதைச் சூடாகச் சொல்லியிருந்தாலாவது அவர் ஏதாவது பதில் பேசியிருப்பார். பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள்.

ஜன்னலில் யாரோ கூப்பிட்டார்கள். "இருங்க, வாரேன்" என்று போய்விட்டாள்.

தங்கமாரியப்பன் சீட்டோடு வெளியே வந்தார். புங்கமரத்தடியில் வண்டி நின்றது. ஓட்டுநர் ஐஸ் பெட்டியை இறக்கிப் படியில் வைத்திருந்தார். எத்தனை கொடுப்பது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எண்ணி உள்ளே வைத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். பெட்டியில் எண்பது இருந்தது. போகிற வழியில் இன்னும் ஊர்கள் இருந்தன.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிவப்பு. மூடியைக் கழற்றினார், சீட்டை வண்டியின் மேல் விரித்தார், எண்பதில் பாதியாக நாலு என்று எழுதிப் பக்கத்தில் சுழி போடுவதற்குள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ஹெப்சிபா பக்கத்தில் வந்து நின்றார். சீட்டைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மேடம். மாவட்டத்துலயே உண்மையச் சொல்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. அதையும் கெடுத்துட்டேன்."

"ம்."

"இப்ப நான் என்ன செய்ய? ஆராய்ச்சியில இந்த ஊருக்கு நேரா என்ன எழுத? உண்மையான தேவைன்னு எந்த எண்ணைப் போட?"

"எண்பது."

அவர் நம்பாமல் பார்த்தார். அலுப்பில் விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று நினைத்தார். ஹெப்சிபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். விளையாட்டு ஒன்றும் அந்த முகத்தில் இல்லை.

"மேடம், இருபது இருந்தாப் போதும்னு அந்தப் பொண்ணே சொல்லுது."

"ஆமா."

"அப்ப இந்த எண்பது பொய்தானே?"

"பொய் இல்ல சார்."

"இந்த ஊர்ல அத்தனை பாம்பு இல்ல மேடம்!"

குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு உள்ளே ஆவுடைச்செல்வியும் ஒரு கணம் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி மாத்திரை எண்ணக் குனிந்தாள்.

ஹெப்சிபா அவர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பாம்புக்கு இருபதுதான் கேட்டிருக்காங்க. மிச்ச அறுபதும் உங்களுக்கு."