குறை கேட்ட கரடியும் மனம் திறந்த சருகுமானும்

குழந்தைகளே, மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில் ஒரு காட்டுப்பன்றி கிழங்கு வியாபாரம் செய்துவந்தது. அதற்குப் பேராசை அதிகம். சரிவெல்லாம் மூக்கால் கிளறி வள்ளிக்கிழங்கைத் தோண்டி எடுக்கும். அதைக் கொடுத்துப் பழமும் தேனும் வாங்கிக்கொள்ளும். தோண்டிய குழியை அது ஒருநாளும் மூடியதில்லை.

அந்த ஆண்டு பெய்த மழையில், கிளறிப் போட்ட மண் கரைந்து சரிந்தது. கீழே குடியிருந்த விலங்குகள் பல புதைந்துபோயின. அவற்றில் ஒரு சருகுமானின் துணையும் ஒன்று.

சருகுமான் முயலைவிடச் சற்றே பெரியது. ஓர் இலை அசைந்தாலும் ஒளிந்துகொள்ளும். துணை போனபின் அதற்கு மிஞ்சியது பால்குடி மறக்காத ஒரு குட்டி மட்டும்தான். அந்தக் குட்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்பதை அது யாரிடமும் சொல்லவில்லை.

துக்கம் ஆறுவதற்கு முன்பே விலங்குகளுக்குக் கோபம் வந்தது. "பன்றியைக் காட்டைவிட்டுத் துரத்துவோம்" என்று புதருக்குப் புதர் பேசிக்கொண்டன.

பன்றி பயந்துபோய்க் காட்டின் தலைவரான கரடியிடம் ஓடியது. கரடிக்கு நாக்கில் தேன். யாரிடமும் கடிந்து பேசாது. பன்றி தோண்டுவதில் அதற்கும் ஒரு பங்கு தினமும் வந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் என்மேல் கோபமாக இருக்கிறார்கள், தலைவரே. என்ன செய்வது?" என்றது பன்றி.

"கோபத்தை அடக்கப் பார்க்காதே. பேசவிடு. பேசி முடித்தவனுக்குக் கோபம் பாதியாகிவிடும். நாம் உட்கார்ந்து கேட்போம்" என்றது கரடி.

செய்தி சொல்லும் மைனாவையும் அவை கூட்டுச் சேர்த்துக்கொண்டன. மைனா மரத்துக்கு மரம் பறந்து அறிவித்தது: "காட்டுத் தலைவரும், கிழங்கு வியாபாரியும், நானும் உங்கள் ஒவ்வொருவரையும் பேட்டி காணப்போகிறோம். இலுப்பை மரத்தடிக்கு வாருங்கள். மனத்தில் உள்ளதை எல்லாம் சொல்லுங்கள்."

சருகுமானுக்குப் போக விருப்பமில்லை. பக்கத்துப் புதரில் இருந்த முயல்தான் அதை வற்புறுத்தியது.

"இதுவரை நம்மை யார் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்? அவர்களாகவே கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் குற்றம் நம்முடையது" என்றது முயல்.

"பன்றியும் அங்கே இருக்கிறதே."

"இருக்கட்டும். அதன் முகத்தைப் பார்த்தே சொல்."

சருகுமான் யோசித்தது. முயல் சொல்வது நியாயமாகவே பட்டது. இரண்டும் சேர்ந்து போய் வரிசையில் நின்றன.

முதலில் முயல் பேசியது. தன் மூன்று குட்டிகளும் மண்ணுக்குள் போனதைச் சொல்லி அழுதது. கரடி எழுந்து வந்து அதன் முதுகைத் தடவிக் கொடுத்தது. பன்றி ஒரு கிழங்கை எடுத்து அதன் முன் வைத்தது. முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தது. அதன் முகத்தில் இத்தனை நாளும் இல்லாத ஒரு தெளிவு.

அடுத்துச் சருகுமான் வந்தது. பன்றியைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கியது.

"பயப்படாதே, அம்மா. நீ சொல்வதைக் கேட்கத்தான் நாங்கள் இருக்கிறோம்" என்றது கரடி.

"மண் சரிந்தபோது எப்படி இருந்தது? துணை உன்னைக் கூப்பிட்டதா? அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்" என்றது மைனா.

சருகுமான் சொன்னது. சொல்லச் சொல்ல அதற்குத் துணிவு வந்தது. பன்றியை நேராகப் பார்த்து, "நீங்கள் சரிவைத் தோண்டியதால்தான் மண் இறங்கியது. தோண்டாத இடத்தில் ஒரு பிடி மண்கூட நகரவில்லை" என்றது.

பன்றிக்குக் கோபம் வரவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, "என் கண்ணைத் திறந்துவிட்டாய், அம்மா. தோண்டாத இடம் என்கிறாயே, அப்படி ஓர் இடம் இன்னும் இருக்கிறதா? தெரிந்தால் நாங்கள் பாதுகாக்கலாமே" என்றது.

சருகுமானிடம் இத்தனை பணிவாக யாரும் கேட்டதில்லை. அது நெகிழ்ந்துபோயிற்று.

"மேற்கே மூங்கில் மேடு இருக்கிறது, ஐயா. மூங்கில் வேரும் வள்ளிக்கொடியும் பின்னி மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் குட்டியை அங்கேதான் வைத்திருக்கிறேன்."

"வள்ளிக்கொடியா? நிறைய இருக்கிறதா?"

"மேடு முழுவதும் அதுதான்."

"நல்லது. மிகவும் நல்லது" என்றது பன்றி.

அன்று மாலை மைனா சருகுமானின் கதையைக் காடு முழுவதும் சொன்னது. துணை கூப்பிட்ட குரலை அப்படியே பேசிக் காட்டியது. கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். "எவ்வளவு பொறுமையாகக் கேட்டார்கள்" என்று கரடியைப் புகழ்ந்தார்கள். பன்றியைத் துரத்தும் பேச்சு அத்துடன் நின்றுபோயிற்று.

சில நாள் கழித்துச் சருகுமான் இரை தேடிவிட்டுத் திரும்பியபோது, மூங்கில் மேட்டில் மண் குவியல் குவியலாகக் கிடந்தது. பன்றி தன் கூட்டத்தோடு வேரை அறுத்துத் தோண்டிக்கொண்டிருந்தது. குட்டி ஒரு மூங்கிலடியில் ஒடுங்கிக் கிடந்தது.

"ஐயா, இந்த இடத்தைப் பாதுகாப்பதாகச் சொன்னீர்களே" என்றது சருகுமான்.

"பாதுகாக்கலாம் என்றேன். பாதுகாப்பேன் என்றா சொன்னேன்?" என்றது பன்றி, மூக்கை மண்ணிலிருந்து எடுக்காமலே.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குட்டியை வேறு எங்கே கொண்டுபோவது? சரிவு முழுவதும் குழி. அசையாமல் படுத்திருக்கும்படி குட்டியிடம் சொல்லிவிட்டுச் சருகுமான் கரடியிடம் ஓடியது.

"தலைவரே, மூங்கில் மேட்டைத் தோண்டுகிறார்கள். மழை வருகிறது. நிறுத்தச் சொல்லுங்கள்."

கரடி அன்பாகவே பேசியது. "பேட்டி முடிந்துவிட்டதே, அம்மா. அடுத்த பேட்டியில் முதல் ஆளாக வா. உன்னைத்தான் முதலில் கேட்போம்."

சருகுமான் மைனாவைத் தேடிப் போனது. "நீயாவது சொல். நீ சொன்னால் காடே கேட்கும்."

"உன் கதையைத்தான் சொல்லிவிட்டேனே" என்றது மைனா. "ஒருத்தியின் துயரத்தையே திரும்பத் திரும்பச் சொன்னால் யார் கேட்பார்கள்?"

சருகுமான் திரும்பி ஓடியது. மழை அதற்கு முன்னால் வந்துவிட்டது. மேட்டின் அடிவாரத்தை அது எட்டும்போது, பன்றிக் கூட்டம் கிழங்கோடு இறங்கிப் போய்விட்டிருந்தது. அதன் கண்முன்னாலேயே மேடு மூங்கிலோடு சாய்ந்து இறங்கியது.

மழை விட்டபிறகும் சருகுமான் தன் சிறு குளம்புகளால் சேற்றைக் கீறிக்கொண்டே இருந்தது. முயல் வந்து உடன் நின்று கீறியது. குட்டி கிடைக்கவில்லை.

காட்டில் மறுபடி முணுமுணுப்பு எழுந்தது. மறுபடி மைனா பறந்தது. "தலைவரும் வியாபாரியும் உங்கள் குறை கேட்க அமர்ந்திருக்கிறார்கள். வாருங்கள்."

இலுப்பை மரத்துக்குப் போகும் வழியில் சருகுமான் நின்றுகொண்டது. எதிரே வந்த ஒவ்வொரு விலங்கிடமும், "போகாதீர்கள். போனாலும் எதையும் காட்டிக்கொடுக்காதீர்கள்" என்றது. எல்லாரும் அதற்காக இரங்கினார்கள். இரங்கிவிட்டு, ஒதுங்கி நடந்தார்கள்.

கடைசியில் முயல் வந்தது.

"நீயுமா போகிறாய்? என்னோடு சேர்ந்து மண்ணைக் கீறினாயே" என்றது சருகுமான்.

முயல் தலை குனிந்தது. "நடந்ததெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் என் குட்டிகளைப் பற்றி வேறு யாரிடம் பேசுவேன்? அங்கே போனால் கேட்கிறார்கள். முதுகைத் தடவிக் கொடுக்கிறார்கள். அது போதும் என்று ஆகிவிட்டது எனக்கு."

சருகுமான் வழியைவிட்டு விலகி நின்றது.

முயல் மேலே ஏறிப் போனது. சற்று நேரத்தில் இலுப்பை மரத்தடியிலிருந்து பன்றியின் பணிவான குரல் கேட்டது.

"வா, வா. உட்கார். நீ இப்போது எந்தப் பக்கம் குடியிருக்கிறாய்? அங்கே மண் எப்படி?"

நீதி: குறையைக் கேட்பவரெல்லாம் அதைத் தீர்க்க வந்தவர் அல்லர்; கேட்டதை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று பார்க்காமல் மனத்தைத் திறப்பவர், இருப்பதையும் இழப்பார்.