எட்டுப் பிரதிகள்

மலையடிவாரத்து மடத்தில் எல்லோரும் நிதானமாகத்தான் இருந்தார்கள், தெய்வசிகாமணியைத் தவிர. வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்று, சீடராக வந்து சேர்ந்தவர். முப்பது வருடம் மற்றவர்களைக் காக்கவைத்துப் பழகியவருக்குத் தான் காத்திருக்க மட்டும் வரவில்லை.

அன்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று மணிப் பேருந்தில் மடத்து ஆள் ஒருவர் மதுரைக்குப் போகிறார். அங்கே இருக்கும் மகள் மங்கைக்கு அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றவளை வாசலோடு திருப்பி அனுப்பி நாலு வருடம் ஆகிறது. தபாலில் போட்ட ஐந்து கடிதங்களுக்கும் பதில் இல்லை. கை நடுங்குவதால் மடத்து அலுவலகக் கம்ப்யூட்டரில்தான் அடிப்பார். காலையிலேயே அடித்தாயிற்று. பிரிண்டர்தான் அசையவில்லை.

ஒயரைப் பிடுங்கிச் செருகினார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். காகிதத்தை எடுத்து உதறி வைத்தார். நடுநடுவே, கடிதத்தை அச்சிடச் சொல்லித் திரும்பத் திரும்ப அனுப்பினார். கடைசியில் பிரிண்டரின் தலையில் ஓங்கி ஒரு தட்டு. பாவம், அது என்ன செய்யும்?

சத்தம் கேட்டு அருள்மதி அம்மை வந்தார். மடத்தின் தலைவி. தெய்வசிகாமணியைவிட இருபது வயது இளையவர் என்றாலும் அவருக்கு இவர்தான் குரு.

"மணி ரெண்டரை ஆச்சும்மா. நான் சொல்ற எதையும் இது காதுல வாங்க மாட்டேங்குது. என் பொண்ணும் இப்படித்தான். காதுல வாங்காதவங்ககிட்ட எப்படித்தான் பேசுறது?"

நேற்று மின்சாரம் போய் வந்ததா என்று மட்டும் அம்மை விசாரித்தார். இரண்டு தடவை போனது என்றார் தெய்வசிகாமணி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அம்மை கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பிரிண்டர் முன்னால் குனிந்து, அதன் பொத்தான் ஒன்றைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தார். காலையிலிருந்து ஊமையாகக் கிடந்த பிரிண்டர் உறுமிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. நெட்வொர்க்கில் அதற்கு இப்போது என்ன எண் என்று அதுவே அதில் அச்சடித்திருந்தது.

"கரண்ட் திரும்பி வந்தப்போ இதுக்கு வேற நம்பர் கிடைச்சிருக்கு. கம்ப்யூட்டர் இன்னும் பழைய நம்பருக்கே அனுப்பிட்டிருக்கு."

"இதுகிட்டயே கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

அம்மை கம்ப்யூட்டரில் புது எண்ணைப் போட்டார். தேங்கி நின்றதெல்லாம் வரிசையாக வெளியே வந்து விழுந்தது. ஒரே கடிதம், எட்டுப் பிரதிகள். தெய்வசிகாமணிக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷத்தில் கண்ணும் கலங்கியது. ஒன்றை எடுத்து அம்மையிடம் நீட்டி, பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

அம்மை நின்றபடியே படித்தார். உன்னை மன்னித்துவிட்டேன். நடந்ததை மறந்துவிடு. தீபாவளிக்கு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. நான் வந்து வீட்டைத் திறந்து வைக்கிறேன். அப்பா சொல்வதைக் கேள்.

வெளியே மதுரை போகிறவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். தெய்வசிகாமணி உறையைப் பிரித்துப் பிடித்தபடி, ஏதாவது விட்டுப்போயிற்றா என்று அவசரப்படுத்தினார்.

அம்மை கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"பிழை இல்லைங்கய்யா. ஆனா எட்டுலயும் ஒரு கேள்விகூட இல்லையே."