அபராதத்துக்கு ஐம்பது பேர்

"அம்மா, ஆத்துல விடுற சாயத்தண்ணி வருஷா வருஷம் கூடுது. நான் போடுற அபராதம் வருஷா வருஷம் குறையுது. எங்க தப்பு பண்றேன்னு தெரியலை."

கேட்டவர் பொன்னுரங்கம். தண்ணீரைக் கெடுப்பவர்களுக்கு அபராதம் போடுகிற அலுவலகத்தில் பொறியாளர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்தான்.

ஆற்றங்கரை மடத்து அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மனசு கனத்தால் பொன்னுரங்கம் அங்கேதான் போய் உட்காருவார்.

மனுஷர் கை நீட்டாதவர். சாயப்பட்டறை முதலாளி வீட்டில் பச்சைத் தண்ணிகூடக் குடித்ததில்லை. அடப் பாவமே, லஞ்சம் வாங்கியிருந்தாலாவது தூக்கம் கெட்டதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

அபராதத்தை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் என்று அம்மை கேட்டார்.

அவர் ஒப்பித்தார். எத்தனை நாள் விட்டார்கள், பட்டறை எவ்வளவு பெரிது, தண்ணீரில் நஞ்சு எவ்வளவு, ஆற்றோரத்து ஊரில் எத்தனை பேர். எல்லாவற்றையும் வைத்துப் பெருக்க வேண்டும். ஊரில் ஆள் கூடினால் அபராதம் கூடும். ஐம்பதுக்குக் கீழே போனால் பாதி.

பட்டறையை ஒட்டிய கருவேலாம்பாடியில் அவர் முதன்முதலாக அபராதம் போட்ட வருஷம் முந்நூறு பேர் இருந்தார்கள். போன வாரம் எண்ணியபோது ஐம்பத்திரண்டு. திங்கட்கிழமை இன்னொரு தடவை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

"மத்தவங்க எங்க?"

"போயிட்டாங்கம்மா. அந்தத் தண்ணிய வச்சுக்கிட்டு எப்படி இருப்பாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"ஒருத்தருமே இல்லாம போயிட்டா?"

விதியில் அதற்கும் ஒரு வரி இருந்தது: ஆளில்லாத ஊருக்கு அபராதமே கிடையாது.

அம்மை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க. இன்னைக்கே எண்ணிட்டு வந்துடலாம்."

ஊருக்குள் முதல் தெருவில் எல்லா வீட்டிலும் பூட்டு. இரண்டாவது தெருவில் நாய் ஒன்று படுத்திருந்தது, குரைக்கக்கூட இல்லை. காற்றில் சாய நெடி மூக்கை அரித்தது.

மூன்றாவது தெருவில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. செல்லமுத்து என்கிற விவசாயி அதில் கட்டிலையும் கிரைண்டரையும் ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். சின்னவளுக்கு முழங்கால் வரைக்கும் புண்.

பொறியாளரைப் பார்த்ததும் செல்லமுத்து கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பொன்னுரங்கத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எதுக்கு வந்தோம்னு நீங்களே சொல்லுங்க" என்றார் அம்மை.

பொன்னுரங்கம் சொன்னார். இந்த நாலு பேரும் போனால் ஊரில் மிச்சம் நாற்பத்தெட்டு. பட்டறைக்கு அபராதம் பாதியாகிவிடும். திங்கட்கிழமை எண்ணும்போது இருந்தால் முழு அபராதம். தங்கச் சொல்லவில்லை, விதியைத்தான் சொல்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். தலை நிமிரவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு.

செல்லமுத்து மனைவியைப் பார்த்தார். அவள் சின்னவளின் காலைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

அவர் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அம்மை போய் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். கட்டில் மறுபடி வாசலுக்கு வந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் இருக்கோம் சார்" என்றார் செல்லமுத்து. "அதுவரைக்கும் குடிக்க மட்டும் தண்ணி கொண்டாந்து குடுத்துடுங்க."