பொட்டு வைத்த லேப்டாப்

சாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மாடத்தி. வணிகவியல் பிள்ளைகள் நாற்பது பேருக்கு லேப்டாப் வாங்கக் கல்லூரியில் பணம் ஒதுக்கினார்கள். வேகம் குறைந்த சின்ன பிராசஸர் உள்ளதை வாங்கினால் நாற்பது பேருக்கும் வரும். பெரிய பிராசஸர் என்றால் இருபது பேருக்குத்தான்.

“கணக்குப் போடவும் டைப் அடிக்கவும் சின்னதே போதும் சார்,” என்றாள் மாடத்தி.

தாளாளர் தர்மலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “கீபோர்டுல கை வச்சதுமே எனக்கு வித்தியாசம் தெரியும். தெரியாதுன்னு நாளைக்கு நிரூபி. முடியலேன்னா வேலைக்கு வராதே.”

மறுநாள் மேஜைமேல் ஒரே மாதிரி இரண்டு லேப்டாப். பிராசஸர் பெயர் தெரியாதபடி இரண்டிலும் பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

“எது பெரிசுன்னு சொல்லுங்க சார்.”

தாளாளர் இரண்டிலும் மதிப்பெண் பட்டியலைத் திறந்தார். எல்லோர் முன்னாலும் ஒரு சுற்றறிக்கையும் அடித்துப் பார்த்தார். பேராசிரியர்கள் பயபக்தியோடு நின்றார்கள்.

“அது மாட்டுவண்டி. இது பறக்குது. இதுதான் பெரிசு!”

எல்லோரும் கைதட்டினார்கள். மாடத்தி இரண்டு பொட்டையும் உரித்தாள். இரண்டுமே சின்ன பிராசஸர்!

“அப்போ பெரிசு எங்கே?”

“அலமாரியில இருக்கு சார். பெட்டியையே இன்னும் பிரிக்கல.”

தாளாளர் நாற்பது லேப்டாப்புக்கும் கையெழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கு மட்டும் அந்தப் பெரிசு ஒண்ணு இருக்கட்டும்மா,” என்றார்.

“உங்களுக்கு எதுக்கு சார்?”

“வேகத்துக்கு இல்லம்மா. வர்றவங்க பார்க்கணுமில்ல!”