மேடைக்குக் கட்டிய தார்ப்பாய்

புயலில் கூரை பறிகொடுத்த குப்பத்துக்கு, அவசரம் என்று டெண்டரே இல்லாமல் தார்ப்பாய் சப்ளை செய்தவர் காண்ட்ராக்டர் தணிகாசலம். அதைச் சோதிக்க அதிகாரி வந்த அன்று, "மேடையில ஒரு சொட்டு இறங்கினாலும் உன் தோலை உரிச்சிடுவேன்" என்று அதே குப்பத்துப் பந்தல்காரன் அஞ்சப்பனை மிரட்டிவிட்டு, தம் தார்ப்பாய் முதல் தரம் என்று மைக்கில் முழங்கினார்.

பாதிப் பேச்சில் மழை கொட்டியது. மேடை ஒழுகி, அதிகாரி தொப்பலாக நனைந்தார்.

"நல்ல தார்ப்பாயாப் பார்த்துக் கட்ட மாட்டியாடா?" என்று காண்ட்ராக்டர் கத்தினார். மைக் வழியே குப்பமே கேட்டது.

"நீங்க குடுத்த முதல் தரம்தான் ஐயா" என்றான் அஞ்சப்பன்.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். "யார் வீட்டுக்குக் கொடுத்தது?"

"எங்க வீட்டுக்குத்தான். இதுக்குக் கீழ நனைஞ்சே எம்புள்ள விறைச்சுப்போச்சு. இனிமே அதுக்குக் கூரை எதுக்குன்னு கழட்டிட்டு வந்தேன்."