செலினுக்கு ஒரு பாதை

"மாஸ்டர், சுலபமான பாதையா ஒண்ணு சொல்லுங்க. பார்க்கவும் அழகா இருக்கணும்."

சவரிமுத்து இப்படிக் கேட்டதும் மாதேஸ்வரி பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? சேர்வராயன் மலையில் அவர் அளக்காத இடம் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் சர்வேயர் வேலை. எந்தப் பாறை எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த மனுஷன் போய்ப் பாதை கேட்கிறார்.

அதுவும் தன்னைவிட இருபத்தைந்து வயது இளையவளிடம்.

ஓய்வு பெற்ற மறுமாதமே அவளுடைய சைக்கிள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தவர் அவர். மலைச் சைக்கிளை அவளிடம்தான் கற்றுக்கொண்டார். ஊரே அவளை மாஸ்டர் என்கிறது, அவரும் மாஸ்டர் என்றார். கூச்சமெல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டது.

"யாருக்கு சார்?"

"எம் பொண்ணுக்கு. செலினுக்கு. சனிக்கிழமை வர்றா."

"ஓட்டுவாங்களா?"

"சின்ன வயசுல தெருவுல ஓட்டினது. மலையில பழக்கமே இல்ல."

அவர் போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டார். பதினோரு விநாடி.

"அப்பா, மலையில சைக்கிள் ஓட்டுறீங்களாமே. சனிக்கிழமை ஒருநாள் நானும் வரட்டா? கஷ்டமான பாதை வேணாம்ப்பா."

மாஸ்டர் கேட்டு முடித்தாள். அவர் இன்னொரு முறை போட்டார்.

"எத்தனை வருஷம் சார் ஆச்சு, அவங்க வந்து?"

"ஏழு."

சண்டை என்று ஒன்றும் கிடையாது. மனைவி அமலியின் அடக்கம் முடிந்து மகள் ஓசூருக்குப் போனாள். போன் பேசுவது குறைந்தது, பிறகு நின்றது. யார் முதலில் நிறுத்தியது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அவர் ஒரு தட்டில் சாப்பிட்டு, அதையே கழுவிக் கவிழ்த்து, மறுபடி அதையே எடுத்துச் சாப்பிட்டு ஏழு வருஷத்தை ஓட்டிவிட்டார். ஞாயிறு அன்று சர்ச் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவர் அவரைப் பார்த்துக் கும்பிடுவார். சைக்கிள் கொட்டகையை விட்டால் வாரத்தில் அவரை நேருக்கு நேர் பார்க்கிற முகம் அது ஒன்றுதான்.

"இந்த ஒருநாள் தப்பாப் போச்சுன்னா அவ மறுபடி வரமாட்டா மாஸ்டர்."

"நீங்களே ஒரு பாதை எழுதிக்கொண்டு வாங்க. பார்க்கலாம்."

மறுநாள் காலையில் வந்துவிட்டார். சர்வேயர் அல்லவா, வரைபடமே போட்டிருந்தார். மேட்டிலிருந்து கீழே கிராமம் வரை ஒரே இறக்கம். மிதிக்கவே வேண்டாம். வழியெல்லாம் பள்ளத்தாக்கு.

"குழந்தைகூடப் போயிடும்" என்றார்.

மாஸ்டர் அந்தத் தாளைத் தலைகீழாகத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தாள்.

அவர் சிறிது நேரம் அதைப் பார்த்தார். இறங்கிய கோடெல்லாம் இப்போது ஏறிக்கொண்டிருந்தது. வீடு திரும்ப வேண்டுமே என்கிற யோசனையே அதுவரை அவருக்கு வந்திருக்கவில்லை.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை இன்னொரு தாள். இதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மலைவிளிம்பை ஒட்டிச் சமமாகப் போகிற பாதை. ஒரு பக்கம் முழுக்க மேகம்.

"இதுல குறை சொல்லுங்க பார்ப்போம்!"

மாஸ்டர் ஒரு பலகையை எடுத்துத் தரையில் போட்டாள். ஒரு சாண் அகலம் இருக்கும்.

"இது மேல நடங்க சார். நடந்துக்கிட்டே அந்தச் சுவர் காலண்டர்ல என்ன படம்னு சொல்லுங்க."

நடந்தார். காலண்டரைப் பார்த்தார். மூன்றாவது அடியில் கால் தரையில் இருந்தது.

"புதுசா ஓட்டுறவங்களுக்கு முன்சக்கரம்தான் சார் தெரியும். மேகம் நமக்குத்தான்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அழகே வேணாம்கிறீங்களா?"

"ஓட்டுற இடத்துல வேணாம். நிக்கிற இடத்துல இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மூன்றாவது தாள் வந்தது. அன்று அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. காப்பித் தோட்டத்துக்குள் நான்கு கிலோமீட்டர் மண்பாதை. சமதளம், நிழல், வளைந்து தொடங்கின இடத்துக்கே வந்து சேரும். நடுவில் நிற்பதற்கு மூன்று இடம்: ஆரஞ்சு மரங்கள், ஒரு குட்டை, ஒரு பாறை. தண்ணீர் எங்கே குடிப்பது என்பதுகூடக் குறித்திருந்தார்.

மாஸ்டர் முழுக்கப் படித்தாள்.

"பாதை நல்லா இருக்கு."

சவரிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"ஓட்டிப் பார்த்தீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க. நூறு தடவை ஓட்டியிருப்பேன்."

"அது இல்ல. வாங்க."

தோட்டத்து வாசலில் இரண்டு பேரும் சைக்கிளில் ஏறினார்கள். மாஸ்டர் சொன்னாள்:

"கையை மாத்திப் பிடிங்க. வலது கை இடது பக்கம். இடது கை வலது பக்கம்."

"விளையாடறீங்களா?"

"இல்ல சார்."

"விழுந்தா?"

"மண்ணுதான்."

பத்தடி போகவில்லை, விழுந்தார். எழுந்தார். இடது பக்கம் திருப்ப நினைத்தால் சைக்கிள் வலது பக்கம் போனது. வலது பக்கம் என்றால் காப்பிச் செடிக்குள் நுழைந்தது. அறுபத்தொரு வயதில் இதெல்லாம் தேவையா என்று வாய்விட்டே சொன்னார். நான்காவது தடவை ஒருவாறு உருண்டது, நத்தையிடம் தோற்கும் வேகத்தில்.

மாஸ்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய மஞ்சள் மழைச்சட்டையைக் கண்ணால் பிடித்துக்கொண்டுதான் அவர் வந்தார். அதையும் முன்சக்கரத்தையும் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஒரு வளைவு வந்தது. மஞ்சள் சட்டை மறைந்தது.

"மாஸ்டர்!"

பதில் இல்லை.

"கொஞ்சம் இருங்க மாஸ்டர்!"

சில்வர் ஓக் மரங்கள் நேராக நின்றன. எங்கோ ஒரு பறவை கத்திவிட்டு நிறுத்தியது. நூறு தடவை வந்த இடம். ஒவ்வொரு கல்லும் தெரிந்த இடம். அவர் காலை ஊன்றி நின்றார். பயம் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பயம்தான். விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்கிற பயம். விவரம் தெரிந்த நாளாக அவருக்கு அது வந்ததே இல்லை. அவர்தானே எப்போதும் முன்னால் போகிறவர்.

கோயிலுக்குப் போனாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் பத்தடி முன்னால்தான் நடப்பார். கேட்டால், வழி பார்த்து வைக்கிறாராம். கடைசியாக அமலியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றும் அப்படித்தான்.

"உங்க முதுகைப் பார்த்தே என் காலம் போயிடுச்சு" என்பாள் அமலி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவளே சிரிக்கிறாளே என்று அவரும் சிரித்துவைப்பார்.

செலின் சைக்கிள் பழகிய தெருவும் ஞாபகம் வந்தது. பின்னாலிருந்து "இருங்கப்பா, இருங்கப்பா" என்று ஒரு சின்னக் குரல். "வா, ஒண்ணும் ஆகாது" என்று அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். அவள் அழுதாளா? தெரியாது. பார்த்தால்தானே தெரியும்.

சவரிமுத்து சைக்கிளைப் பாதையிலேயே சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். அமலியை மண்ணில் இறக்கிய அன்று வராத அழுகை அப்போது வந்தது. யாரும் இல்லாததால் தாராளமாக அழுதார்.

பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். குட்டைக் கரையில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அவர் குடித்து முடித்ததும் கேட்டாள்:

"பாதை எப்படி சார்?"

"பாதையை நான் பார்க்கல மாஸ்டர்."

"பின்ன?"

"உங்க முதுகைத்தான் பார்த்தேன். அதுவும் கொஞ்ச நேரம்தான்."

மாஸ்டர் எழுந்து சைக்கிளில் ஏறினாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி வேணும்?"

"ஏழு மணிக்கு. எந்தப் பாதைன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே?"

"நான் நாளைக்கு வரலையே சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை செலின் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஏழு வருஷத்தில் மெலிந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். அது அவருக்குத் தெரியாது. "சாப்பிட்டியாம்மா?" என்றார். "ம்" என்றாள்.

வாடகைச் சைக்கிளின் இருக்கையை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். பிரேக் எது, கியர் எது என்று காட்டினார். தெரு முனைவரை இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே சாலை மூன்றாகப் பிரிகிறது.

"எந்தப் பக்கம்பா?"

சொல்ல வாய் வரை வந்தது. நடுச் சாலை, இரண்டாவது வளைவில் தோட்டத்து வாசல், ஆரஞ்சு மரம், குட்டை, பாறை. எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"நீ போம்மா. நான் பின்னாடி வர்றேன்."

செலின் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எனக்கு வழி தெரியாதேப்பா."

"பரவால்ல, போ."

அவள் தயங்கித் தயங்கி ஏறினாள். சைக்கிள் இரண்டு பக்கமும் ஆடியது. நடுச் சாலைக்குப் போகவில்லை, இடது பக்கம் திரும்பினாள்.

அந்தச் சாலையைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் மலையில் கிடையாது. முதலில் லாரி ஷெட். அடுத்து குப்பை கொட்டுகிற மேடு. அதற்குப் பிறகு நீளமான ஏற்றம், நிழல்கூடக் கிடையாது. அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை.

"அங்க வேணாம்மா" என்று வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுப் பின்னாலேயே போனார்.

லாரி ஷெட் போனது. நாற்றம் வந்தது. ஏற்றம் தொடங்கியது. செலினுக்கு மூச்சு வாங்கியது. சைக்கிள் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. காலை ஊன்றிவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார்.

ஊன்றவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாமல், முன்னாலேயே பார்த்துக்கொண்டு, சத்தமாகக் கேட்டாள்:

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."